பொதுவாகத் திருப்திகரம்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள். ஓசூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் பாதிப் பேர் தொழிற்சாலைக்காரர்கள். மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்க இங்கே அவர்களுக்குச் சித்தப்பா பெரியப்பா கிடையாது. "மேடம் ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவங்க" என்று யாரோ சொல்லிவிட, நேரே என்னிடம் வருகிறார்கள்.

போன ஏப்ரலில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ஒரு பள்ளியின் ஆய்வறிக்கையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். பரவாயில்லையே, விளம்பரத்தைப் பார்க்காமல் அறிக்கையைத் தேடிப் பிடித்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். அந்தப் பெண் ஒரு வரியை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "பாருங்க மேடம், லைப்ரரிக்குச் சிறப்புன்னு போட்டிருக்காங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். 'நூலகப் பயன்பாட்டில் சிறப்புக் கவனம் செலுத்தப்பட வேண்டும்' என்று இருந்தது. "அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்னா, லைப்ரரி பூட்டியே கிடக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

"பூட்டிக் கிடக்குதுன்னா அப்படியே எழுதலாம் இல்லீங்களா?" என்றார் அவள் கணவர்.

அவருக்குப் பதில் சொல்லி அனுப்புவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. கோபம் அவர் மேல் இல்லை. பணிக்காலத்தின் கடைசிப் பகுதி முழுக்க இந்த ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டியவள் நான். இப்போது துறையில் எல்லாம் கணினிக்குப் போய்விட்டது, கட்டத்தில் குறி போட்டால் போதும் என்கிறார்கள். அப்படியும் கடைசியில் 'ஆய்வாளர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் வந்து பேசும்படி, என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் கேட்டார்கள். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியது இதுதான்.

நான் சாமல்பட்டிக்காரி. தருமபுரியில் பட்டம், சேலத்தில் பி.எட்., பிறகு தேன்கனிக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்த வருடங்களை இங்கே விரிக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்த புதிதில், தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் அலுவலகத்தில் ஆள் பற்றவில்லை என்று என்னைத் துணை ஆய்வாளராக அனுப்பினார்கள். பயிற்சி ஒரு மதியம் நடந்தது. கண்காணிப்பாளர் பழைய அறிக்கைக் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்து, "இதைப் பாத்து இதே மாதிரி எழுதுங்க மேடம்" என்றார். அத்தோடு பயிற்சி முடிந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தைப் பற்றியது போலவே இருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

என் மேலதிகாரி வேதமூர்த்தி, மதுரைக்காரர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலும் டிபனும் கொண்டுவருவார். ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்க மாட்டார். லஞ்சத்துக்குக் கைநீட்டாதவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டால் எல்லோரும் காசு வாங்கியிருப்பார் என்றுதான் நினைப்பார்கள். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் பள்ளியை விட்டு வந்து பல காலம் ஆன பிறகும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

ஆய்வு நாளில் பிரார்த்தனை மணிக்கு முன்பே போய்விடுவோம். தகவல் எப்படியோ முந்தின நாளே போயிருக்கும். வாசலில் கோலம், வரவேற்பு அறையில் புதுப் பூச்சட்டி. வேதமூர்த்தி பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பிறகு அவர் வகுப்பறைகள், நான் ஆய்வகமும் பெண் பிள்ளைகளின் கழிப்பறையும். நான்கு சான்றுகள் பார்ப்போம்: கட்டடம் உறுதி என்று, கட்டடத்துக்கு உரிமம் உண்டு என்று, தீயணைப்பு வசதி உண்டு என்று, தண்ணீரும் சுகாதாரமும் சரி என்று. தஞ்சைப் பக்கம் ஒரு பள்ளியில் கூரை தீப்பிடித்துக் குழந்தைகள் செத்த கொடுமைக்குப் பிறகு அந்தச் சான்றுகளை எல்லோரும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மாட்டியிருந்த சுவரில் ஜன்னல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆய்வகத்தில் ஒரு பாம்பு இருந்தது. கண்ணாடிக் குடுவையில் மருந்தில் மிதக்கும் பாம்பு; குடுவையின் மூடி ஒரு பக்கம் உடைந்து சிவப்பு நூல் கட்டியிருந்தது. பாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அதைப் பார்த்தேன். சில நாள் கழித்து ஓசூரில் வேறொரு பள்ளியில் பார்த்தேன். கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில் மூன்றாவது பள்ளியில் அலமாரியைத் திறந்தபோது, அதே சிவப்பு நூல். எங்கள் ஜீப்புக்கு முன்னால் அது பயணம் போய்க்கொண்டிருந்தது.

பாம்பாவது பேசாது. ஒரு பள்ளியில் தமிழாசிரியை என்று ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார்கள். முந்தின வாரம்தான் வேறொரு பள்ளியில் அவரைக் கணக்கு ஆசிரியையாகப் பார்த்திருந்தேன். தனியே கூப்பிட்டு, "ஏம்மா, போன வாரம் நீங்க மேத்ஸ்தானே?" என்றேன்.

"ஆமாங்க மேடம்" என்றார், கொஞ்சமும் அசராமல். "அங்க மேத்ஸுங்க. இங்க தமிழுங்க."

இதையெல்லாம் நான் பார்த்தபடியே எழுதுவேன். எழுதியது வேதமூர்த்தியின் மேசைக்குப் போகும். அவர் பச்சை மைப் பேனாவை எடுப்பார். 'ஆய்வகம் இல்லை' என்பது 'ஆய்வக வசதி மேம்படுத்தப்பட வேண்டும்' என்று ஆகும். 'ஆசிரியர்கள் ஆய்வுக்காக வரவழைக்கப்பட்டவர்கள்' என்பது 'ஆசிரியர் பணித்தொடர்ச்சி உறுதிசெய்யப்பட வேண்டும்' என்று ஆகும். 'குடிநீர்த் தொட்டியில் பாசி' என்று நான் எழுதியதை 'குடிநீர் வசதி உள்ளது. பராமரிப்பு தேவை' என்று ஆக்கினார். கடைசியில், எந்தப் பள்ளியானாலும், அவருடைய முத்திரை வாக்கியம்: 'பள்ளியின் செயல்பாடு பொதுவாகத் திருப்திகரம்.'

இன்றைக்கு அறிக்கை படிக்கிற பெற்றோருக்கு நான் சொல்வது அங்கே கற்றதுதான். 'மேம்படுத்தப்பட வேண்டும்' என்றால் இல்லை என்று படியுங்கள். 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்றால் யாரும் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை என்று படியுங்கள். 'பொதுவாக' என்று வந்தால் அங்கே நின்று, எது பொதுவில் சேரவில்லை என்று கேளுங்கள். இப்படிச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் எரிச்சல். தமிழ் அறிக்கையைத் தமிழர்களுக்கு நான் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாகலூர் சாலையில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை அங்கீகாரம் இருந்தது. ஒன்பதையும் பத்தையும் அனுமதி வாங்காமலே நடத்திக்கொண்டிருந்தார்கள். நிலம் வாங்கி மனை போட்டு விற்ற ஒருவர் தாளாளர். வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் கன்னடம், எங்களிடம் தமிழ். நாங்கள் முதல்முறை போனபோது கைகூப்பி ஓடிவந்து, "பன்னி சார், பன்னி" என்றார். வேதமூர்த்தி அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்து, கண்ணாடி கைக்கு வந்துவிட்டது. "கன்னடத்துல வாங்கன்னு அர்த்தம் சார்" என்று நான் காதில் சொன்ன பிறகுதான் படி ஏறினார்.

அந்தப் பள்ளியில் பாடம் நன்றாகவே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். நிஜமான ஆசிரியர்கள். ஆனால் மேல் வகுப்புகளுக்கு ஆய்வகம் கிடையாது. புதுக் கட்டடத்துக்கு வரைபட ஒப்புதலும் இல்லை. அனுமதி விண்ணப்பம் அதனால்தான் நின்றுபோயிருந்தது. நான் எழுதினேன்: 'ஒன்பது, பத்தாம் வகுப்புகள் அனுமதியின்றி நடத்தப்படுகின்றன.'

வேதமூர்த்தி என்னை அறைக்குக் கூப்பிட்டார். "டீச்சர், 'அனுமதியின்றி'ன்னு எழுதிட்டா நான் உடனே மூடச் சொல்லணும்."

"சொல்லலாமே சார்."

"சொன்னா அந்தப் பிள்ளைங்க திங்கக்கிழமை எங்க போய் உக்காரும்? பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல இப்பவே வராண்டாவுல வகுப்பு நடக்குது. இவரு கோர்ட்டுக்குப் போயி தடை வாங்கிட்டு வந்து நம்ம முன்னாடியே உக்காருவாரு. யாருக்கு என்ன லாபம்?"

"அப்பா அம்மாவுக்காவது தெரியும் இல்லைங்களா சார்?"

"அறிக்கை அரசாங்கத்துக்கு எழுதறது, டீச்சர். அப்பா அம்மாவுக்கு இல்லை."

பச்சைப் பேனா இறங்கியது. 'உயர் வகுப்புகளுக்கான கருத்துரு பரிசீலனையில் உள்ளது. பள்ளியின் செயல்பாடு பொதுவாகத் திருப்திகரம்.' இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தேன். "உங்க அக்கறை புரியுது" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவரிடம் பேசிப் பயனில்லை என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவரோடு முட்டிக்கொண்ட மாதிரி நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருந்தது. எந்தக் காகிதத்தையும் யாரும் கேட்கலாம் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். பாகலூர் சாலைப் பள்ளியின் ஆய்வறிக்கை நகல் வேண்டும் என்று தபாலில் விண்ணப்பம் வந்திருக்கிறது. கண்காணிப்பாளரே நகல் எடுத்து அனுப்பிவிட்டார். விண்ணப்பம் வந்ததோ, நகல் போனதோ எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து, ஒரு பிப்ரவரி காலையில்தான் தெரிந்தது.

அன்று அலுவலகத்துக்கு வந்தால் வாசலில் கூட்டம். சீருடை மாற்றாமல் இரவு ஷிப்டிலிருந்து நேரே வந்த ஆண்கள், கைக்குழந்தையோடு பெண்கள். எல்லோரும் பாகலூர் சாலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பெற்றோர். மற்றப் பள்ளிகளில் பொதுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் பிள்ளைகளுக்கு இல்லை. கேட்டால் தாளாளர் இன்றைக்கு, நாளைக்கு என்றிருக்கிறார். பிறகு போனை எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். முந்தின வருடங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை, அனுமதி உள்ள இன்னொரு பள்ளியின் மாணவர்கள் என்று காட்டித் தேர்வு எழுத வைத்திருக்கிறார் தாளாளர். ஹால் டிக்கெட்டில் வேறு பள்ளியின் பெயர் இருப்பதைப் பார்த்துக் கேட்டவர்களிடம், அது தேர்வு மையத்தின் பெயர் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பிவிட்டார்கள். இந்த வருடம் அந்தப் பள்ளிக்காரருக்கும் இவருக்கும் ஏதோ நிலத் தகராறு. அந்தப் பள்ளிக்காரர் இந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்கவே இல்லை.

கூட்டத்தில் முன்னால் நின்றவள் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். தையல் கம்பெனியில் வேலை. அவள் கணவர் அருள்தாஸ் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். மகள் ஷெரின் பத்தாம் வகுப்பு. விண்ணப்பம் போட்டு அறிக்கை வாங்கியவள் இந்த ஜெசிந்தாதான். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன அந்த நகல் அவள் கையில் இருந்தது. வேதமூர்த்தியின் அறைக்குள் அவளையும் கணவரையும் நான்தான் கூட்டிப் போனேன்.

"நீங்கதான் ஆபீசரா சார்?"

"உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. "இதுல பரிசீலனையில உள்ளதுன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"இன்னும் முடிவு ஆகலைன்னு அர்த்தம்."

"அப்ப அன்னைக்கு அனுமதி இருந்துச்சா, இல்லையா?"

வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அது கோபமில்லை என்று எனக்குத் தெரிந்தது. "இல்லை" என்றார்.

"இல்லைன்னு எழுதுறதுக்கு என்ன சார் கஷ்டம்?"

அதுவரை கதவோரம் நின்றிருந்த அருள்தாஸ் வாய் திறந்தார். "நான் வேற ஸ்கூல்தான் சார் சொன்னேன். இவதான், சும்மா அடுத்தவன் சொல்றதக் கேட்டுச் சேக்கக் கூடாது, கவர்மெண்ட் பேப்பர் வாங்கிப் பாப்போம்னு ஒரு மாசம் காத்துக் கெடந்தா. பேப்பர் வந்துச்சு. திருப்திகரம்னு இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்னு சேத்தா. இப்ப வீட்ல எல்லாரும் இவளத்தான் ஏசுதாங்க."

ஜெசிந்தா அழவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்து, சுருக்கம் போகக் கையால் நீவிவிட்டாள். "நான் நல்லா வாசிச்சுட்டுத்தான் சேத்தேன் சார். எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லுதாங்க."

எத்தனையோ அதிகாரிகளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு பேச்சு இறங்கிய ஆழத்துக்கு வேறெதுவும் இறங்கியதில்லை. கவனமாகப் படித்து முடிவெடுத்த ஒரே தாய் அவள். மற்றவர்கள் டையையும் ஷூவையும் பார்த்துச் சேர்த்தவர்கள். கடைசியில் இரண்டு தரப்பும் ஒரே வாசலில் வந்து நிற்கிறது.

அன்று மதியமே பள்ளிக்குப் போனோம். இந்த முறை தாளாளர் வரவேற்க வரவில்லை. அறைக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் எங்கள் அறிக்கையின் ஒரு பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. "சார், நான் யாரையும் ஏமாத்தலீங்க. நீங்களே திருப்திகரம்னு குடுத்திருக்கீங்க. பேரண்ட்ஸ் கேட்டா அதைத்தானே நான் காட்டறேன்" என்றார்.

வேதமூர்த்தி அந்தச் சட்டத்தைக் கழற்றச் சொன்னார். சுவரில் வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தது. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொண்டு, மறுநாள் சென்னைக்குப் புறப்பட்டோம்.

தேர்வுத் துறை அலுவலகத்தில் எங்களை ஓர் அதிகாரி கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பிள்ளைகளைத் தனித்தேர்வர்களாக எழுத வைக்கலாம், ஆனால் எந்த அடிப்படையில் என்று கேட்டார். பள்ளிக்கு அனுமதி இல்லை என்றார் வேதமூர்த்தி. அதிகாரி எங்கள் அறிக்கையைப் புரட்டினார்.

"உங்க அறிக்கையில பொதுவாகத் திருப்திகரம்னு இருக்கே சார். அனுமதி இல்லாத வகுப்பு நடத்தற பள்ளி எப்படித் திருப்திகரம் ஆகும்? இதுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். எதுன்னு எழுதிக் குடுங்க."

ஜெசிந்தா, தாளாளர், இப்போது இவர். ஒரே வாக்கியம் மூன்றாவது முறையாக வேதமூர்த்தி முன்னால் வந்து நின்றது.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேதமூர்த்தி எழுதினார். அடித்தார். தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி எழுதினார். பிறகு என்னிடம் நீட்டினார். "டீச்சர், படிச்சுப் பாருங்க."

'மேற்படி பள்ளியின் உயர் வகுப்புகளுக்கான அனுமதி தொடர்பான நிலையில் உரிய தெளிவின்மை ஏற்பட்டுள்ளமை கவனத்துக்கு வந்துள்ளது' என்று இருந்தது.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ராத்திரி பூரா பஸ்ஸில் வந்த அலுப்பு வேறு. "சார், இதுவும் அதேதானே சார்" என்றேன். "அந்தம்மா முன்னாடி இல்லைன்னு ஒரே வார்த்தையில சொன்னீங்க. அதை எழுதறதுக்கு என்ன?"

அவர் அந்தத் தாளையும் கசக்கிப் பையில் போட்டார். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

நான் சொன்னேன்: 'ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அனுமதி இல்லை. ஆய்வின்போது இது எனக்குத் தெரியும். அறிக்கையில் அதை எழுதவில்லை.'

ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார். மூன்றாவது வரியில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய ஊதினார். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் எழுதின சின்ன லெட்டர் இதுதான்" என்றார்.

அந்தக் கடிதத்தால் பிள்ளைகள் தேர்வெழுத அனுமதி கிடைத்தது. ஆனால் மார்ச் தேர்வுக்குக் காலம் கடந்துவிட்டது. அடுத்து வரும் துணைத் தேர்வில் தனித்தேர்வர்களாக எழுதலாம் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் தேர்வுக்குப் போன நாட்களில் இவர்கள் வீட்டில் இருந்தார்கள். துணைத் தேர்வு எழுதி முடிவு வருவதற்குள் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிந்துபோயிருந்தது. ஷெரின் தேறினாள்; ஒரு வருடம் வீட்டிலிருந்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். ஒரு பையன் தேர்வுக்கு வரவே இல்லை. தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் வீட்டுக்கு நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவன் ஷிப்டில் இருந்தான்.

வேதமூர்த்திக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தன்னுடைய கடிதமே சாட்சியாக இருந்ததால் அவர் எதையும் மறுக்கவில்லை. அந்த முறை பதவி உயர்வில் அவர் பெயர் இல்லை. அதன் பிறகு எங்களோடு இருந்த கொஞ்ச காலமும் என் வரைவுகளில் பச்சைப் பேனா படவில்லை. 'இல்லை' என்றால் 'இல்லை' என்றே போனது. தாளாளர்கள் கூட்டமாக வந்து, இப்படி எழுதினால் யார் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்று சண்டை போட்டார்கள். "உங்க அக்கறை புரியுது" என்று அவர்களிடமும் சொன்னார். சீக்கிரமே அவரைக் கடற்கரை மாவட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது எனக்குப் பெரிய உபதேசம் எதுவும் சொல்லவில்லை. "டீச்சர், இந்த ஊர்ல குளிர் ஜாஸ்தி. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க டூருக்கு" என்றார். அவ்வளவுதான்.

பாகலூர் சாலைப் பள்ளியைத் துறை விடவில்லை. மேல் வகுப்புகளை நிறுத்தினார்கள். தாளாளர் கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் வரைபட ஒப்புதல் வாங்கி, ஆய்வகம் கட்டி, முறைப்படி அனுமதி பெற்றார். அப்போது ஆய்வு செய்து அறிக்கை எழுதியது நான்தான். அனுமதி உண்டு, ஆய்வகம் உண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் கழிப்பறை போதாது, விளையாட இடம் இல்லை என்று பட்டென்று எழுதினேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை ஓசூர் பஸ் நிலையத்தில் அருள்தாஸைப் பார்த்தேன். கையில் ஒரு சின்னப் பையன், ஷெரினின் தம்பி. அவன் போட்டிருந்த சீருடையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பாகலூர் சாலைப் பள்ளியின் சீருடை.

"என்னங்க இது? அங்கேயேவா கொண்டுபோய்ச் சேத்தீங்க? அவ்வளவு பட்டும் புத்தி வரலையா?" நடுப் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அத்தனை வருட எரிச்சலும் சேர்ந்து வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "வாசிச்சுட்டுத்தான் சேத்தோம் மேடம். ஜெசி மூணு ஸ்கூல் பேப்பர் எழுதி வாங்குனா. அவ வாசிச்சா, நான் கேட்டேன். இந்த ஸ்கூல்ல கக்கூஸ் பத்தாதுன்னு எழுதியிருந்தீங்க. நானே போய்ப் பாத்தேன். நீங்க எழுதுனது சரிதான், பத்தாது."

"அப்புறம் எதுக்குச் சேத்தீங்க?"

"மத்த ரெண்டு ஸ்கூல் பேப்பர்ல கக்கூஸப் பத்தி ஒண்ணுமே எழுதல. நல்லா இருக்கும்போலன்னு நெனைச்சேன். ஜெசிதான், எழுதலன்னா போய்ப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புனா. போனேன். பொம்பளப் பிள்ளைங்களுக்கு அங்க கக்கூஸே கெடையாது மேடம். பக்கத்துக் காட்டுக்குப் போகுதுங்க."

பாகலூர் பஸ் வந்துவிட்டது. பையனைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

அந்த இரண்டு பள்ளிகளும் என் பொறுப்பில் இல்லாதவை. அவற்றின் அறிக்கைகள் இன்னொரு துணை ஆய்வாளர் எழுதியவை. திங்கட்கிழமை அலுவலகம் போனதும் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் கடைசி வாக்கியம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியம். இரண்டு பள்ளிகளையும் மறு ஆய்வு செய்ய வேண்டும், ஜீப் தேவை என்று புது அதிகாரிக்கு எழுதி வைத்தேன்.

மறு ஆய்வுக்கு அனுமதி, ஜீப் பழுதில் உள்ளது என்று பதில் வந்தது. பஸ்ஸில் போனேன்.